சளிக்கு நாள் கணக்கு, மூச்சுக்கு நிமிடக் கணக்கு

கண்ணு, "சளி மஞ்சளாயிருச்சுக்கா, பச்சையாயிருச்சுக்கா" என்று நீ போனில் சொல்லும்போதெல்லாம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இன்றைக்கு எத்தனையாவது நாள்? நிறத்தைச் சொன்னால் அக்கா மருந்தைச் சொல்லிவிடுவாள் என்று நினைக்கிறாய். சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருக்கிற நான் உறுதியாகச் சொல்கிறேன், அந்த நிறத்தை வைத்து எந்த மருந்தையும் முடிவு செய்ய முடியாது. ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. உன் வீட்டில் இரண்டு வயதுப் பாப்பா இருக்கிறாள், மில்லில் பஞ்சுத் தூசிக்குள் நிற்கிற மாப்பிள்ளை இருக்கிறார், சர்க்கரையும் பிரஷரும் உள்ள அப்பா இருக்கிறார், மாதம் தவறாமல் "சைனஸ் தலைவலி" என்று படுத்துக்கொள்கிற நீயும் இருக்கிறாய். நாலு பேருக்கும் மூக்கும் நெஞ்சும்தான் தொல்லை. ஆனால் பார்க்க வேண்டிய அறிகுறி ஒவ்வொருவருக்கும் வேறு. போனில் அரைகுறையாகச் சொல்வதை விட எழுதியே கொடுத்துவிடுகிறேன்.

முதலில் அந்தப் பச்சை நிறம். கிருமியை எதிர்க்க வருகிற வெள்ளை அணுக்களுக்குள் பச்சை நிறமுள்ள ஒரு நொதி இருக்கிறது. அந்த அணுக்கள் கூட்டமாக வந்து மடியும்போது நிறம் சளியில் ஏறுகிறது. வந்திருப்பது வைரஸ் என்றாலும் ஏறும், பாக்டீரியா என்றாலும் ஏறும். சாதாரண ஜலதோஷத்திலேயே முதல் இரண்டு நாள் தண்ணீராக ஒழுகும், மூன்றாம் நாள் நான்காம் நாளில் கெட்டிப்பட்டு மஞ்சளாகும், அப்புறம் தானாகத் தெளிந்து வற்றும். ஏழு முதல் பத்து நாளுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். இருமல் மட்டும் மூன்று வாரம் வரை இழுக்கலாம், அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை; ஆனால் இரண்டு வாரம் தாண்டினால் சளிப் பரிசோதனை மட்டும் செய்துவிட வேண்டும்.

ஜலதோஷம் பிடித்த பெரியவர்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்குத்தான் அது பாக்டீரியா சைனஸாக மாறுகிறது. அந்த ஒன்றிரண்டு பேரில் நீ இருக்கிறாயா என்று கண்டுபிடிக்கத்தான் நாளை எண்ணச் சொல்கிறேன். பத்து நாள் கடந்தும் கொஞ்சம்கூடக் குறையவில்லை என்றால் டாக்டரைப் பார். தொடக்கத்திலேயே 102 டிகிரிக் காய்ச்சலோடு கெட்டிச் சளியும் முகவலியும் சேர்ந்து மூன்று நான்கு நாள் நீடித்தாலும் பார். மூன்றாவதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள்: ஐந்தாறு நாளில் "சரியாப் போச்சு" என்று எழுந்து வேலைக்குப் போனபின், மறுபடி காய்ச்சலும் தலைவலியும் சளியும் முன்னைவிட அதிகமாகத் திரும்பி வருவது. வைரஸ் அடைத்து வைத்த இடத்தில் பாக்டீரியா குடியேறியிருக்கிறது என்பதற்கு அது நல்ல அடையாளம். இதற்குத்தான் காலண்டரில் தும்மல் தொடங்கிய தேதியை வட்டம் போட்டு வைக்கச் சொல்கிறேன். ஒரு வாரம் ஆகிவிட்டால் யாருக்கும் தேதி நினைவிருக்காது. "ரொம்ப நாளா இருக்குங்க" என்று மட்டும்தான் டாக்டரிடம் சொல்வார்கள்.

சைனஸ் எங்கே இருக்கிறது, ஏன் அடைக்கிறது

சைனஸ் உண்மையில் நோயின் பெயர் இல்லை, பேச்சில்தான் நோயையும் அப்படிச் சொல்கிறோம். எல்லோருடைய முகத்து எலும்புக்குள்ளும் இருக்கிற காற்றறைகள்தான் அவை. கன்னத்துக்குள், நெற்றிக்குள், இரண்டு கண்ணுக்கும் நடுவில், மூக்கின் ஆழத்தில் என்று நான்கு ஜோடி. உள்ளே மெல்லிய சவ்வும், கண்ணுக்குத் தெரியாத நுண்ரோமங்களும் உண்டு. அங்கே சுரக்கிற நீரை அந்த ரோமங்கள் மூக்குப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். கன்னத்துச் சைனஸுக்கு வாசல் அறையின் அடியில் இல்லை, மேலே இருக்கிறது. தண்ணீர் தானாக வடியாது, ரோமங்கள் மேல்நோக்கித் தள்ளியாக வேண்டும். சளி பிடித்துச் சவ்வு வீங்கினால் வாசல் அடைபடும்; புகை, தூசி, உடம்பில் நீர் குறைவது எல்லாம் ரோமத்தின் வேகத்தைக் குறைக்கும். தேங்கிய இடத்தில் கிருமி பெருகுகிறது. இனி நான் சொல்கிற எல்லாக் கைவைத்தியத்துக்கும் நோக்கம் ஒன்றுதான், அந்த வாசலைத் திறந்து வைப்பது.

நம் வீட்டில் பெரியவர்கள் "தலையில நீர் கோத்துக்கிச்சு" என்பார்கள். தலைக்குக் குளித்துவிட்டு முடி காயாமல் படுத்தால் தண்ணீர் மண்டைக்குள் இறங்குவதில்லை, அதற்கு வழியும் கிடையாது. குளிர்ந்த காற்று பட்டால் அலர்ஜி மூக்கு உடனே ஒழுகும் என்பது உண்மை, அதனால் முடியைத் துவட்டிக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் தொற்று வருவது பக்கத்தில் தும்மியவரிடமிருந்தும், அவர் தொட்ட கதவுப்பிடியைத் தொட்டு நீ மூக்கைத் தேய்ப்பதாலும்தான். நீர்க்கோவை மாத்திரையை உரைத்து நெற்றியில் பற்றுப் போட்டால் இதமாக இருக்கிறதென்றால் போட்டுக்கொள். பத்து நாள் கணக்கை மட்டும் அதற்காகத் தள்ளிப் போடாதே.

ஒரு தகவல் உனக்கு உதவும். 1994-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஆய்வில், புதிதாக ஜலதோஷம் பிடித்த 31 பேருக்குச் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். 27 பேருக்குக் கன்னத்துச் சைனஸில் மாற்றம் தெரிந்தது. இரண்டு வாரம் கழித்து ஒரு பகுதியினரை மறுபடி ஸ்கேன் எடுத்தபோது, ஆன்டிபயாட்டிக் எதுவும் இல்லாமலே பெரும்பாலோருக்குச் சரியாகியோ நன்றாகக் குறைந்தோ இருந்தது. ஆகவே ஜலதோஷம் பிடித்த ஐந்தாம் நாள் போய் "ஸ்கேன் எடுத்துப் பாத்துருங்க" என்று நீயாகக் கேட்காதே. படத்தில் ஏதோ தெரியத்தான் செய்யும், தெரிந்ததும் மாத்திரை எழுதத்தான் தோன்றும்.

உன் தலைவலி சைனஸ்தானா?

எனக்கு நெடுநாளாகச் சந்தேகம் உண்டு. உனக்கு வலி வரும்போது மூக்கில் கெட்டிச் சளி இல்லை, காய்ச்சல் இல்லை, வாசனை தெரிகிறது. ஆனால் ஒரு பக்கம் விண்விண்ணென்று தெறிக்கிறது, வெளிச்சம் கூசுகிறது, குமட்டுகிறது, படி ஏறினால் அதிகமாகிறது, இருட்டறையில் படுத்தால் குறைகிறது. இது ஒற்றைத் தலைவலியின் குணம். "சைனஸ் தலைவலி" என்று தாங்களாகவே முடிவு செய்துகொண்டு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு உண்மையில் ஒற்றைத் தலைவலிதான் இருக்கிறது. அந்த வலியின்போது மூக்கு கொஞ்சம் அடைக்கவும் செய்யும், கண்ணில் நீரும் வரும், அதனால்தான் ஏமாந்துபோகிறோம். மாதவிடாய் நெருங்கும்போது வருகிறதா, பட்டினி கிடந்தால் வருகிறதா என்று குறித்து வைத்து டாக்டரிடம் காட்டு. அதற்கு மருந்து வேறு. சைனஸுக்கென்று நீ வாங்கிப் போடுகிற மாத்திரை அதைத் தொடவே தொடாது.

உண்மையான சைனஸ் என்றால் மூக்கடைப்பும் கெட்டிச் சளியும் இருக்கும். தொண்டைக்குப் பின்னால் சளி இறங்கிக்கொண்டே இருக்கும், படுத்தால் இருமல் வரும். குனிந்தால் கன்னமோ நெற்றியோ கனக்கும். வாசனை குறையும். ஒரு பக்கம் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால் மேல் கடைவாய்ப் பல்லைப் பரிசோதிக்கச் சொல். அந்தப் பல்லின் வேர் கன்னத்துச் சைனஸின் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. வேரில் சீழ் பிடித்தால் சைனஸுக்குள் ஏறும். பல்லைச் சரி செய்யாமல் மூக்குக்கு எத்தனை மருந்து போட்டாலும் திரும்பத் திரும்ப வரும். பன்னிரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட சைனஸ், காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்க்க வேண்டியது. மூக்குத் தண்டு வளைவா, சதை வளர்ச்சியா, அலர்ஜியா என்று அவர் உள்ளே பார்த்துச் சொல்வார்.

அலர்ஜிக்குக் காய்ச்சல் வராது. காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்மல், தண்ணீராக ஒழுகல், மூக்கிலும் கண்ணிலும் அரிப்பு என்று வரும். வாரக்கணக்கில் போகும், வீட்டை மாற்றினால் குறையும். உன் வீட்டு மேற்குச் சுவரில் ஓதம் ஏறிப் பூஞ்சை படர்ந்திருக்கிறது. வீட்டுக்காரரிடம் சொல்லிப் பூச வேலை பார்க்கச் சொல். மெத்தையிலும் தலையணையிலும் வாழ்கிற தூசிப்பூச்சி ஈரக்காற்றில்தான் பெருகும். உறைகளை வாரம் ஒருமுறை நல்ல வெந்நீரில் அலசு, வெயில் வந்த நாளில் தலையணையைக் காயப் போடு. பழைய இலவம்பஞ்சுத் தலையணை தட்டினால் தூள் பறக்கிறதென்றால் அதை விட்டுவிடு. கொசுவர்த்திச் சுருளையும் நிறுத்து. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் விடுகிற நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் விடுகிற அளவு என்று 2003-இல் வெளியான ஒரு ஆய்வில் அளந்திருக்கிறார்கள். பாப்பாவின் கட்டிலுக்கடியில் அதைக் கொளுத்தி வைப்பதை நினைத்தாலே எனக்கு மனசு பதறுகிறது. கொசுவலை கட்டு.

வீட்டிலேயே செய்யக்கூடியது

மூக்கைக் கழுவுவதுதான் எனக்கு முதலில் நம்பிக்கை. அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிடு. தலைதட்டி ஒரு டீஸ்பூன் சுத்தமான உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. மருந்துக்கடையில் இதற்கென்றே பொட்டலமும் பிழிகிற பாட்டிலும் கிடைக்கின்றன. வாஷ்பேசின் மேல் குனிந்து, தலையைக் கொஞ்சம் சாய்த்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டே மேல் பக்கத்து மூக்கில் மெதுவாக விடு. மறு பக்கம் வழியாக வடியும். பிறகு ஒவ்வொரு மூக்காக, மெதுவாகச் சீந்து. இரண்டையும் அழுத்திச் சீந்தினால் சளி காதுக்கும் சைனஸுக்கும் பின்வாங்கும்.

கொதிக்கவைத்த தண்ணீர் என்று சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ளாதே. குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர், கேன் தண்ணீர் எதையும் அப்படியே மூக்கில் விடக்கூடாது. மூளையைத் தாக்கும் அமீபா மூக்கு வழியாகத்தான் உள்ளே போகிறது. கேரளத்தில் 2024-லும் 2025-லும் அதனால் உயிர்கள் போனதைச் செய்தியில் பார்த்திருப்பாய். குடித்தால் ஒன்றும் செய்யாத தண்ணீர் மூக்கில் ஏறினால் உயிரை வாங்கலாம். பாட்டிலையும் கழுவிக் காயவைத்துவிட்டுத்தான் அடுத்த முறை எடுக்க வேண்டும்.

ஆவி பிடிப்பது நோயைச் சீக்கிரம் குணமாக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை, ஆனால் அடைப்புக்கு அந்த நேரத்து இதம் உண்டு. நொச்சித் தழை போட்டுப் பிடிக்க ஆசையாக இருந்தால் பிடி. அடுப்பிலிருந்து இறக்கிச் சற்று ஆறவிட்டு, பாத்திரத்தை ஆடாத மேசைமேல் வைத்துப் பிடி. மடியிலோ கட்டிலிலோ வைக்காதே. பாப்பாவுக்கு வேண்டவே வேண்டாம். போர்வைக்குள் குழந்தையைப் பிடித்து உட்காரவைத்து, பாத்திரம் கவிழ்ந்து தொடையெல்லாம் வெந்துபோய் வருகிற குழந்தைகளை நாங்கள் பார்க்கிறோம். சளியால் ஒருபோதும் வந்திருக்காத துன்பம் அது.

மூக்குச் சொட்டு மருந்தில் இரண்டு வகை உண்டு. விட்ட ஐந்து நிமிடத்தில் அடைப்பைத் திறக்கிற ஆக்சிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் வகையை மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாளோடு நிறுத்து. அதற்கு மேல் போனால் மருந்தின் வேகம் குறையக் குறைய மூக்கு முன்னைவிட அதிகமாக அடைத்துக்கொள்ளும், மறுபடி சொட்டுவிடத் தோன்றும், வருடக்கணக்கில் விடமுடியாமல் தவிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அலர்ஜிக்கு டாக்டர் எழுதுகிற ஸ்டீராய்டு ஸ்பிரே வேறு. அது ஒரே நாளில் வேலை செய்யாது. தினமும் அடித்தால் ஒன்றிரண்டு வாரத்தில்தான் பலன் தெரியும். வலது கையால் இடது மூக்கிலும் இடது கையால் வலது மூக்கிலும், நடுத்தண்டை விட்டு வெளிப்புறம் சாய்த்து அடி, அப்போதுதான் மூக்கில் புண் வராது, ரத்தம் கசியாது. "ஸ்டீராய்டா, ஐயோ" என்று பாதியில் நிறுத்திவிடாதே.

காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால் போதும். மருந்துக்கடையில் தருகிற ஜலதோஷ மாத்திரையிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும், அட்டையின் பின்பக்கத்தைப் படித்துப் பார், இரண்டையும் சேர்த்துப் போட்டால் அளவு மீறிக் கல்லீரல் கெடும். அதே மாத்திரையில் உள்ள அடைப்பு நீக்கி பிரஷரை ஏற்றும், அப்பாவுக்குக் கொடுக்காதே. தூக்கம் வரவைக்கும் மருந்தும் அதில் உண்டு, போட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுக்காதே. மழைக்காலத்தில் இன்னொன்று: காய்ச்சல் கடுமையாக இருக்கிறது, உடம்பு முறிகிறது, கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது, ஆனால் சளியும் தும்மலும் இல்லை என்றால் டெங்குவை நினைத்துக்கொள். அப்போது டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளும் வலி ஊசியும் ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடும். பாராசிட்டமால் மட்டும் கொடுத்து ரத்தப் பரிசோதனைக்குப் போ.

மிளகு ரசம், தூதுவளை ரசம், சுக்குக் காபி, கோழிச்சாறு எல்லாம் தாராளமாகச் செய். சூடாக நீர் உள்ளே போனால் சளி இளகும், வாய்க்கும் பிடிக்கும். இரவு இருமலுக்கு ஒரு ஸ்பூன் தேன் நல்ல மருந்து. ஒரு வயதுக்குக் கீழே மட்டும் தேனே கூடாது. வாழைப்பழம், ஆரஞ்சு, தயிர் சாப்பிட்டால் சளி பிடிக்கும் என்று குழந்தைக்கு நிறுத்தத் தேவையில்லை.

ஆன்டிபயாட்டிக்கை எங்கள் ஊரில் "ஹெவி டோஸ்" என்று கேட்டு வாங்குகிறார்கள். மூன்று அசித்ரோமைசின் மாத்திரை வாங்கி ஒன்றைப் போட்டுவிட்டு இரண்டை அலமாரியில் வைத்திருக்கிறவர்கள் பலர். வைரஸுக்கு அது ஒன்றும் செய்யாது. நம் உடம்பில் இருக்கிற பாக்டீரியாவுக்கு எதிர்ப்பைப் பழக்கிவிடும், நாளைக்கு நிஜமான நிமோனியா வரும்போது மருந்து பலிக்காமல் போகும். அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாது என்று அர்த்தம். கடைக்காரர் கொடுத்தாலும் நீ வாங்காதே. டாக்டர் எழுதினால் அவர் சொன்ன நாள் வரை முழுதாகச் சாப்பிடு.

கண்ணைச் சுற்றி வீங்கினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, கழுத்து விறைத்துத் தாங்கமுடியாத தலைவலி வந்தாலோ, பேச்சு குழம்பினாலோ நாள் கணக்கெல்லாம் வேண்டாம். அன்றைக்கே, அந்த மணிநேரமே பெரிய ஆஸ்பத்திரி.

பாப்பாவுக்கு

இரண்டு வயதுக் குழந்தைக்கு நெற்றிச் சைனஸ் இன்னும் வளரவே இல்லை. அது ஏழெட்டு வயதுக்கு மேல்தான் உருவாகும். வருடத்துக்கு ஆறிலிருந்து எட்டு முறை சளி பிடிப்பது இந்த வயதில் சகஜம், பால்வாடிக்குப் போக ஆரம்பித்தால் இன்னும் கூடும். "எதிர்ப்பு சக்தியே இல்ல" என்று யாராவது டானிக் விற்றால் வாங்காதே. பால், சாப்பாடு, விளையாட்டு மூன்றும் ஓரளவு நடந்தால் சலைன் சொட்டு விட்டு மூக்கைத் துடைத்துவிட்டால் போதும்.

அவளுக்கு நீ பார்க்க வேண்டியது மூச்சு. தூங்கும்போதோ அழாமல் அமைதியாக இருக்கும்போதோ சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்து, முழு ஒரு நிமிடம் கடிகாரத்தோடு எண்ணு. பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்காதே, குழந்தையின் மூச்சு சீராக இருக்காது. ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் என்றால் நிமோனியாவைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் அந்த எல்லை 50, இரண்டு மாதத்துக்குள் 60. உன் நாத்தனாரின் கைக்குழந்தைக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். விலாவுக்குக் கீழே மூச்சிழுக்கும்போது குழி விழுந்தாலோ, முனகினாலோ, உதடு நீலம் பூத்தாலோ, பால் குடிக்க முடியாமல் போனாலோ, தட்டினாலும் துவண்டு கிடந்தாலோ எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே தூக்கிக்கொண்டு ஓடு. மூன்று மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு 100.4 டிகிரி வந்தாலே ஆஸ்பத்திரிதான்.

ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றமெடுத்த சளி வந்தால் புளியங்கொட்டையோ மணியோ உள்ளே திணித்திருப்பாள். பட்டன் பேட்டரி என்றால் சில மணிநேரத்தில் மூக்கைப் புண்ணாக்கிவிடும். நீயாக ஹேர்பின் விட்டு எடுக்கப் பார்க்காதே.

மாமியார் பாசத்தில் செய்வார்கள், சண்டை போடாமல் என் பெயரைச் சொல்லித் தடுத்துவிடு. குளிப்பாட்டும்போது குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடுவது நம் பக்கத்தில் பழக்கம். அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி எளிதில் ஆறாத நிமோனியாவை உண்டாக்கும். தேங்காயெண்ணெயில் கற்பூரத்தைக் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்பது அதைவிட ஆபத்து. கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே போகும், குழந்தைக்கு வலிப்பு வரலாம். கடையில் விற்கிற கற்பூரத் தைலங்களும் இரண்டு வயதுக்குள் கூடாது. குளித்ததும் சாம்பிராணிப் புகை காட்டுவதையும் விட்டுவிடுங்கள்.

இருமல் சிரப் விஷயத்தில் நான் கடுமையாகவே சொல்கிறேன். 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாராவில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் குடித்த சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது, அதில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு கலந்திருந்தது. அந்த நச்சு இல்லாவிட்டாலும் சிறு குழந்தைக்கு இந்த சிரப்களால் பெரிய பலன் கிடையாது. இரண்டு வயதுக்குள் சளி, இருமல் மருந்தே வேண்டாம், ஐந்து வயதுக்குள் பொதுவாகத் தவிர்க்க வேண்டும் என்று மத்திய சுகாதாரத் துறையே சொல்லியிருக்கிறது. குளோர்பெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த கலவையை நான்கு வயதுக்குள் கொடுக்கக்கூடாது என்று 2023-லேயே உத்தரவு வந்துவிட்டது. பழைய பாட்டில் அலமாரியில் இருந்தால் இன்றைக்கே கொட்டிவிடு. நிமோனியாவைத் தடுக்கிற நியூமோகாக்கல் தடுப்பூசி 2021 முதல் அரசு அட்டவணையில் இருக்கிறது. 6 வாரம், 14 வாரம், 9 மாதம் என்று மூன்று தவணை, இலவசம். பாப்பாவின் அட்டையில் மூன்றும் போட்டாயிற்றா என்று பார்த்துச் சொல்.

மாப்பிள்ளைக்கு

அவருடைய இருமலை நீ சளி என்று நினைக்கிறாய். மில்லில் பஞ்சைப் பிரிக்கிற புளோ ரூமிலும் அதைச் சீவுகிற கார்டிங்கிலும் நிற்கிறவர்களுக்கு வருகிற பிசினோசிஸ் என்ற நோய் உண்டு. லீவு முடிந்து வேலைக்குத் திரும்புகிற முதல் நாள் நெஞ்சு இறுகும், மூச்சு வாங்கும்; வாரம் போகப் போகக் குறையும்; அடுத்த லீவுக்குப் பின் மறுபடி வரும். வருடங்கள் ஓடினால் எல்லா நாளும் இருக்கும், அப்போது நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பாது. எந்தக் கிழமை அதிகமாக இருக்கிறது என்று அவரிடம் கேள். கைக்குட்டை கட்டிக்கொள்வது நுண்தூசியைத் தடுக்காது, மூக்கோடு ஒட்டி நிற்கிற என்95 முகக்கவசம் வேண்டும். ஷிஃப்ட் முடிந்ததும் உடம்பில் ஒட்டிய பஞ்சை ஏர் பைப்பால் ஊதிக்கொள்ள வேண்டாம் என்று சொல், ஊதினால் அத்தனையும் மூச்சில்தான் போகும். இது சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் உள்ள நோய். ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் ஊதிப் பார்க்கிற நுரையீரல் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது, வேலைக்கு ஆபத்து வரும் என்று பயந்து மறைக்க வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றபாடில்லை என்றால், மில்லைக் காரணம் சொல்லாமல் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். மாலையில் காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை, சளியில் ரத்தம் இருந்தால் ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது. காசநோய்க்குப் பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனையில் இலவசம். வீட்டில் குழந்தை இருக்கிறாள்.

இரவிலும் விடியற்காலையிலும் இருமல், விசில் சத்தத்தோடு மூச்சு என்றால் அது ஆஸ்துமாவாக இருக்கலாம். இன்ஹேலர் எழுதினால் "பழகிப்போயிரும்" என்று அவரை மறுக்க விடாதே. மருந்து நேராக நுரையீரலுக்குப் போவதால் மாத்திரையைவிட மிகக் குறைந்த அளவே போதும்.

அப்பாவுக்கு

வயதானவர்களுக்கு நிமோனியா காய்ச்சலே இல்லாமல் வரலாம். இருமலும் பெரிதாக இல்லாமல் போகலாம். சாப்பாட்டை ஒதுக்குவார், எழுந்து நடக்க மாட்டார், நேரம் காலம் தெரியாமல் பேசுவார், புதிதாகத் தடுமாறி விழுவார். "வயசாயிருச்சு" என்று நாம் விட்டுவிடுவோம். அப்படி ஒரே நாளில் மாற்றம் தெரிந்தால் மூச்சை எண்ணு. நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் என்றால் ஆபத்து. கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் உன் பீரோவில் இருக்கும், பேட்டரி மாற்றி வை. மருதாணி, நகப்பூச்சு இல்லாத சூடான விரலில் மாட்டி ஒரு நிமிடம் பொறு. 94-க்குக் கீழே நின்றால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு.

சர்க்கரை உள்ளவர் என்பதால் இன்னொன்றையும் நீ மறக்கக்கூடாது. 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது கருப்புப் பூஞ்சை வந்ததே, தமிழ்நாட்டில் அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக அரசு அறிவித்தது. அந்தப் பூஞ்சை எப்போதும் காற்றில் இருக்கிறது; சர்க்கரை கட்டுமீறி, கூடவே ஸ்டீராய்டும் எடுத்தவர்களின் சைனஸில்தான் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. ஒரு பக்கக் கன்னம் மரத்துப்போவது, மூக்கிலிருந்து கறுத்த பொருக்கு, ஒரு கண் வீங்குவது அல்லது இமை தொங்குவது, மேல் பல் திடீரென்று ஆடுவது, இதில் எது தெரிந்தாலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நேராகப் போக வேண்டும். மணிக்கணக்கில் பரவும் நோய் அது. சளி பிடித்திருக்கிற நாட்களில் சர்க்கரை கூடும், வீட்டிலேயே அடிக்கடி பார்த்து எழுதி வை, மாத்திரையையும் இன்சுலினையும் தானாக நிறுத்த விடாதே.

ஃப்ளூ தடுப்பூசி வருடா வருடம் போட வேண்டும், மழை தொடங்கும் முன் போட்டால் நல்லது. இந்த வருடம் தாமதமாகிவிட்டது, இன்னும் பலன் உண்டு. நியூமோகாக்கல் ஊசி பெரியவர்களுக்கும் இருக்கிறது. இரண்டையும் அடுத்த முறை சர்க்கரை செக்கப்புக்குப் போகும்போது டாக்டரிடம் கேட்டுவிடு. பாப்பாவுக்குச் சளி இருக்கிற நாட்களில் அப்பாவின் தட்டிலிருந்து அவளுக்கு ஊட்ட வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் சோப்புப் போட்டு இருபது நொடி கை கழுவுங்கள்.

நடு ராத்திரியில் மூச்சு வாங்கினால் நான் டியூட்டியில் இருக்கலாம், போன் எடுக்க முடியாமல் போகலாம். காத்திருக்காதே. நிமிர்த்தி உட்காரவைத்து முதலில் 108-ஐக் கூப்பிடு, வண்டியில் ஏறிய பிறகு எனக்குப் போன் பண்ணு.